ஷண்முகானந்தா ஹால்: கட்டியவர்கள், எரிந்த ஆண்டுகள், இன்று கேட்கக் கிடைப்பவை

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் மார்கழிக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர் நீங்கள். வேலை மாற்றலில் மும்பைக்கு வந்து பவாயில் குடியேறியிருக்கிறீர்கள். ஷண்முகானந்தா ஹால் எப்படி வந்தது, அங்கே என்னென்ன நடக்கும், பவாயிலிருந்து அவ்வளவு தூரம் அலைந்து போவது தகுமா என்று கேட்கிறீர்கள்.

தகும், கட்டாயம் போங்கள். ஆனால் கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் புரியும். அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சபா இருக்கிறது. ஹாலின் கதை என்று நான் சொல்லப்போவது பெரும்பாலும் அந்தச் சபாவின் கதைதான்.

முதலில் இடத்தைப் பற்றி. ஹால் இருப்பது சயான் கிழக்கில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில், காந்தி மார்க்கெட்டை ஒட்டி. 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியபோது நெருக்கடியான பழைய நகரத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அதற்கப்புறம் 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை அமைத்து, தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் அகலமான தெருக்களும் பூங்காக்களுமாகப் புதுக் குடியிருப்புகளைத் திட்டமிட்டார்கள். அந்தத் தெருக்களில் வீடுகள் எழும்பிய காலத்தில்தான் பாலக்காடு, தஞ்சாவூர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டைப்பிங்கும் ஷார்ட்ஹேண்டும் படித்த இளைஞர்கள் கம்பெனிகளிலும் ரயில்வேயிலும் வேலை தேடி வந்து இறங்கினார்கள். ஒருவர் வந்து அறை பிடிப்பார். அடுத்த வருஷம் தம்பி வருவான், அதற்கடுத்த வருஷம் மச்சினன். மெஸ் வந்தது, பஜனை சமாஜம் வந்தது, ஆஸ்திக சமாஜம் வந்தது. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கியது. வயிற்றுக்கும் சாமிக்கும் படிப்புக்கும் ஏற்பாடு ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது சங்கீதம்.

அதுவரை கச்சேரி என்றால் சமாஜங்களில்தான், இல்லாவிட்டால் ராமநவமிப் பந்தலில்தான். மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய வித்வானை வரவழைத்தால் இடம் போதாது. உட்கார்ந்து கேட்டவர்களைவிட வாசலில் நின்று கேட்டவர்கள் அதிகம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இந்த நிலைமையில் 1952-இல் ஸ்ரீ ஷண்முகானந்தா நுண்கலை மற்றும் சங்கீத சபா தொடங்கியது. பதினோரு வருஷம் கழித்து, 1963-இல், சொந்த ஹால் எழுந்தது. அதற்காகத் திரட்டிய பணத்தில் மாதச் சம்பளக்காரர்களின் பங்கு பெரியது. வாடகை வீட்டில் குடியிருந்தவர்கள் சங்கீதத்துக்குச் சொந்த வீடு கட்டினார்கள் என்பதுதான் அந்த ஹாலைப் பற்றி எனக்கு எப்போதும் முதலில் தோன்றுவது.

எவ்வளவு பெரிய வீடு என்பதையும் பாருங்கள். இன்றைய கணக்கில் 2,763 இருக்கைகள். கீழ்த்தளம், அதற்கு மேல் இரண்டு பால்கனிகள். மெட்ராஸ் மியூசிக் அகாடமியின் அரங்கம் இதற்கு ஒரு வருஷம் முன்னால், 1962-இல் வந்தது. அதில் சுமார் 1,600 பேர் உட்காரலாம். கர்நாடக சங்கீதத்தின் தலைநகரத்தில் உள்ள அகாடமியைவிட ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் கூடுதலாக, பிழைக்க வந்த ஊரில் போட்டிருக்கிறார்கள். 2023-இல் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் அம்பானி கலாசார மையத்தைத் திறந்தபோது ஊரே அதைப் பற்றிப் பேசியது. அங்கே உள்ள கிராண்ட் தியேட்டரில் 2,000 இருக்கைகள்தான். அறுபது வருஷத்துக்கு முன் மாட்டுங்கா, சயான் ஆட்கள் கட்டியதுதான் இன்னும் பெரியது.

ஏன் அவ்வளவு பெரிதாக? பெருமைக்காக என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஐந்நூறு பேர் உட்காரும் ஹால் என்றால் உறுப்பினர் சந்தாவை வைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டும். இரண்டாயிரத்துச் சொச்சம் இருக்கை இருந்தால் சினிமாக்காரர், பள்ளிக்கூடம், கட்சி, கம்பெனி எல்லாரும் வாடகைக்குக் கேட்பார்கள். அந்த வாடகை கச்சேரியைத் தாங்கும். இந்தக் கணக்கு சரியாகவே பலித்தது. 1970-களில் ஃபிலிம்ஃபேர் விருது விழாக்கள் இங்கே நடந்தன. இந்திப் பாட்டுக் கச்சேரி, மராத்தி நாடகம், குஜராத்தி நாடகம், பள்ளி ஆண்டு விழா என்று நகரத்தின் எல்லாப் பாஷையும் இந்த மேடையில் பேசியிருக்கிறது. மும்பை டாக்ஸிக்காரரிடம் ‘ஷண்முகானந்தா ஹால்’ என்று சொன்னால் போதும், வழி சொல்ல வேண்டாம். அவருக்கு அது கர்நாடக சங்கீத ஹால் என்பது தெரியாமல்கூட இருக்கலாம்.

இரண்டு விஷயங்களை இங்கே சேர்த்துச் சொல்லியாக வேண்டும். பெருமை பேசும்போது இவற்றை விட்டுவிடுகிறோம்.

ஒன்று, தாராவி. ஹாலிலிருந்து கூப்பிடு தூரம்தான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள் மாட்டுங்கா குமாஸ்தாக்களுக்கும் முன்பே அங்கே குடியேறியவர்கள். மும்பைத் தமிழர்கள் என்றால் எண்ணிக்கையில் அவர்கள் பெரிய பங்கு. ஆனால் சபாவின் உறுப்பினர் பட்டியலிலும் பார்வையாளர் வரிசையிலும் அவர்களைப் பல காலம் பார்க்க முடிந்ததில்லை. சங்கீத சபா என்ற அமைப்பே சாதியையும் வர்க்கத்தையும் சேர்த்துச் சுமந்து வந்த ஒன்று. அது மெட்ராஸிலிருந்து பம்பாய்க்கு வந்தபோது அந்தச் சுமையும் கூடவே வந்தது. இன்றைக்குக் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. போதாது.

இன்னொன்று, 1966. மகாராஷ்டிர மாநிலம் 1960 மே 1-இல் பிறந்தது. 1963-இல் ஹால் வந்தது. 1966 ஜூன் 19-இல் சிவசேனா தொடங்கியது. அதன் முதல் எதிர்ப்பு, ஆபீஸ் வேலைகளைப் பிடித்துவிட்டார்கள் என்று தென்னிந்தியர்கள் மேல்தான். உடுப்பி ஹோட்டல்கள் கல்லடி வாங்கின. ஹாலுக்குப் பணம் கொடுத்த அதே குமாஸ்தாவும் ஸ்டெனோவும்தான் அந்தக் கோபத்துக்கு இலக்கு. அவர்கள் ஊரைவிட்டுப் போகவில்லை, ஹாலையும் மூடவில்லை. இப்போதோ உத்தவ் தாக்கரேயின் சிவசேனா தன் ஆண்டு விழாவைப் பல முறை இந்த ஹாலிலேயே நடத்தியிருக்கிறது. எனக்கு இது மனசுக்கு நிறைவான விஷயம். சபாவும் வாடகைக்குக் கொடுக்கிறது, அவர்களும் உரிமையோடு வந்து உட்காருகிறார்கள். இந்த ஊர் ஒரு கட்டடத்தைத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்வது இப்படித்தான்.

சரி, 1990-க்கு வருவோம். அந்த வருஷம் ஹாலில் தீப்பிடித்தது. உள்ளே எல்லாம் போயிற்று. மறுபடி திறந்தது 1998-இல்.

எட்டு வருஷம் என்று எழுதுவது சுலபம். சங்கீதத்தில் அந்த எட்டு வருஷம் என்ன செய்தது என்று பாருங்கள். அதே 1990-இல் பாடகி எம்.எல். வசந்தகுமாரி மறைந்தார். 1991-இல் டி.கே. ஜெயராமன். 1992-இல் மகாராஜபுரம் சந்தானம், கார் விபத்தில். 1997 நவம்பரில் கணவர் சதாசிவம் காலமானதும் எம்.எஸ். சுப்புலட்சுமி மேடையில் பாடுவதையே விட்டுவிட்டார். ஆக, 1998-இல் புது நாற்காலி, புது விளக்கு, புது ஒலிபெருக்கியோடு திறந்த ஹாலில் எம்.எஸ்.ஸின் கச்சேரி ஒன்றுகூட நடக்கவில்லை. ஒரு தலைமுறையின் குரல்கள் பழைய ஹாலோடு நின்றுவிட்டன. புது ஹாலின் குரல்கள் வேறு: சஞ்சய் சுப்ரமணியன், டி.எம். கிருஷ்ணா, சுதா ரகுநாதன், பம்பாய் ஜெயஸ்ரீ. எங்கள் வீட்டில் அக்கா தலைமுறை ஒரு ஹாலையும், எங்கள் பிள்ளைகள் தலைமுறை இன்னொரு ஹாலையும் கேட்டு வளர்ந்தது என்றே சொல்வேன். இரண்டும் ஒரே விலாசத்தில் இருந்தன, அவ்வளவுதான்.

அந்த இடைவெளி பம்பாய்க்கும் நல்ல காலமாக இல்லை. 1992 டிசம்பர், 1993 ஜனவரிக் கலவரங்கள், மார்ச் 12 குண்டுவெடிப்புகள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வெளியே இருந்தால் வீட்டில் பயந்துகொண்டு காத்திருப்பார்கள். எங்களைப் போன்ற ரசிகர்கள் செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸுக்கும் மாட்டுங்கா மைசூர் அசோசியேஷனுக்கும் ஓடினோம். அந்தச் சின்ன ஹால்கள்தான் அப்போது சங்கீதத்தைத் தாங்கிப் பிடித்தன. அதற்காக அவற்றுக்கு நான் என்றும் கடமைப்பட்டவன். பம்பாய் என்ற பெயரில் எரிந்த ஹால், ஊர் 1995-இல் மும்பை ஆனபிறகு திறந்தது. ஹாலுக்கும் புதுப் பெயர் வந்தது. 1994-இல் சித்தியடைந்த காஞ்சி மகாஸ்வாமிகள் பெயரால் அது இப்போது ஸ்ரீ ஷண்முகானந்த சந்திரசேகரேந்திர சரஸ்வதி அரங்கம். டிக்கெட்டில் முழுப் பெயர் இருக்கும். வாயில் யாருக்கும் அது வராது, ஷண்முகானந்தா என்றுதான் சொல்வார்கள்.

அங்கே என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு வருகிறேன்.

சபா தன் உறுப்பினர்களுக்காக வருஷம் முழுக்க நிகழ்ச்சிகள் வைக்கிறது. கர்நாடகக் கச்சேரி, இந்துஸ்தானி, இரண்டு கலைஞர்கள் சேர்ந்து நடத்தும் ஜுகல்பந்தி, பரதநாட்டியம், ஹரிகதை, பஜனை, சென்னையிலிருந்து வரும் நாடகக் குழுக்களின் தமிழ் நாடகம் எல்லாம் உண்டு. டிசம்பர் மாதத்தில் சென்னையில் கிடைப்பதுபோல ஒரே நாளில் காலை, மதியம், மாலை என்று நாலு கச்சேரிகளுக்கு நடுவே ஓட முடியாது. அந்த எதிர்பார்ப்போடு வந்தால் ஏமாற்றம்தான். ஆனால் சீசன் நெருக்கடியில் பாடகருக்குத் தொண்டை கட்டியிருக்கும், ஒரு நாளில் இரண்டாவது கச்சேரியாக இருக்கும். மும்பைக்கு வரும்போது அதே பாடகர் ஒரு கச்சேரிக்காக வருகிறார், ஓய்வெடுத்துவிட்டு வருகிறார். சில பேரிடம் நான் கேட்ட மிகச் சிறந்த ராகம் தானம் பல்லவி மார்கழியில் கேட்டதல்ல, இங்கே ஏதோ ஒரு ஆகஸ்ட் சனிக்கிழமையில் கேட்டதுதான்.

இந்துஸ்தானி கேட்கும் பழக்கம் இல்லையென்றால் இங்கே அதைத் தொடங்குங்கள். தபலா மேதை உஸ்தாத் அல்லாரக்கா 2000 பிப்ரவரி 3-இல் இந்த ஊரில்தான் மறைந்தார். மகன் ஜாகிர் உசேன் ஒவ்வொரு பிப்ரவரி 3-ஆம் தேதியும் அப்பாவின் நினைவாக விடியற்காலையில் தொடங்கி இரவு வரை நிகழ்ச்சி நடத்திவந்தார். பல ஆண்டுகள் அது ஷண்முகானந்தாவில்தான் நடந்தது. காலையில் அமைதியான ராகங்கள், மத்தியானம் தோல் வாத்தியங்கள், சாயங்காலம் உலகம் எங்கிருந்தோ வந்த டிரம் கலைஞர்கள். நம் மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் அந்த மேடையில் தபலாவோடு சமமாக உட்கார்ந்தன. ஜாகிர் உசேன் 2024 டிசம்பரில் காலமானார். தென்னிந்தியர்கள் கட்டிய ஹாலில், பஞ்சாப் கரானா என்ற பாணியைச் சேர்ந்த தபலாக்காரருக்குத் திதிபோல ஒரு நாள் அமைந்ததை நான் இந்த ஹாலின் பெரிய பேறாக நினைக்கிறேன்.

கர்நாடகக் கச்சேரியிலும் மும்பைக்கென்று ஒரு சுவை உண்டு. தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முடிந்து, கடைசியில் வரும் சின்னப் பாட்டுகளான துக்கடாவுக்கு வந்ததும், மராத்திப் பக்திப் பாட்டான அபங் கேட்டு ஒரு சீட்டாவது மேடைக்குப் போகும். பாடகர் கண்ணை மூடி ‘விட்டல’ என்று ஆரம்பித்ததும் அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருந்த பக்கத்து இருக்கை மராத்திக்காரர் நிமிர்ந்து உட்காருவார். தாளம் கையிலிருந்து தொடைக்கும் தொடையிலிருந்து குரலுக்கும் போகும். மிருதங்கக்காரர் வடநாட்டு மத்தளமான பக்வாஜ் மாதிரி இடது பக்கத் தொப்பியை அழுத்தி வாசிப்பார். இரண்டாவது பால்கனியிலிருந்து ‘விட்டல விட்டல’ என்று பதில் வரும். அந்த ஐந்து நிமிஷத்தில் ஹாலில் யார் இந்த ஊர்க்காரர், யார் வந்தேறி என்று சொல்ல முடியாது. அருணா சாய்ராம் மும்பையில் பிறந்து வளர்ந்தவர். அவர் கச்சேரிகளில் அபங் அவ்வளவு இயல்பாக வருவதற்கு இந்த ஊர்க் காற்றும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கச்சேரியைவிட முக்கியமாக நான் நினைப்பது சபா நடத்தும் சங்கீத வித்யாலயா. டி.ஆர். பாலாமணி அங்கே பல ஆண்டுகள் முதல்வராக இருந்தார். பம்பாய் ஜெயஸ்ரீயும் சங்கர் மகாதேவனும் அவரிடம் கற்றவர்கள். இரண்டு பேர் பெயர் எல்லாருக்கும் தெரியும். பெயர் தெரியாதவர்கள் அதைவிட எத்தனையோ மடங்கு. மும்பையில் எந்தக் கூட்டுக் குடியிருப்புக்குப் போனாலும் நவராத்திரிக் கொலுவில் சுருதி சுத்தமாக ஒரு கீர்த்தனை பாடும் பெண்மணி இருப்பார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் வித்யாலயா பெயரைச் சொல்வார்கள், இல்லாவிட்டால் அங்கே கற்ற ஒருவரிடம் கற்றதாகச் சொல்வார்கள். ஒரு ஊரில் சங்கீதம் நிலைப்பது வந்து போகும் வித்வான்களால் அல்ல. கேட்கத் தெரிந்தவர்கள் அந்த ஊரிலேயே உருவாக வேண்டும். அந்த வேலையை இந்தப் பள்ளி செய்தது. உங்களுக்குக் குழந்தைகள் இருந்தால், பவாயிலிருந்து தூரம் என்று தயங்காமல் ஒருமுறை போய் விசாரியுங்கள்.

இன்னும் சில. இளம் கலைஞர்களுக்கு எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரில் சபா உதவித்தொகை கொடுக்கிறது. ‘ஷண்முகா’ என்று ஒரு காலாண்டிதழ் நடத்துகிறது. குறைந்த கட்டணத்தில் டயாலிசிஸ் செய்யும் மருத்துவ மையமும் உண்டு. சங்கீத சபாவுக்கு டயாலிசிஸ் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சயான் ஆஸ்பத்திரியைச் சுற்றி நோயாளிகளும் உறவினர்களும் படும் பாட்டை ஒரு நாள் பார்த்தால் அந்தக் கேள்வி வராது.

இப்போது எங்கே உட்காருவது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஹாலின் மேல் எனக்குள்ள ஒரே குறை இதில்தான் இருக்கிறது.

நம் சங்கீதம் நூறு, இருநூறு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பதற்காக வளர்ந்தது. 2,763 பேருக்குப் போய்ச் சேர வேண்டுமானால் மைக் இல்லாமல் நடக்காது. மைக் வந்துவிட்டால் நீங்கள் கேட்பது பாடகரின் குரலை மட்டுமல்ல, ஒலிப்பலகையில் உட்கார்ந்திருப்பவரின் காதையும் சேர்த்துத்தான். அவர் நல்ல கைக்காரராக இருந்தால் தம்புரா கேட்கும், வயலினின் வில் திரும்புவது கேட்கும். இல்லாவிட்டால் மிருதங்கம் இடியாக வந்து குரலை மூடும்.

தூரமும் ஒரு விஷயம். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்தும் அதை ஒட்டிய ஒலிபெருக்கியிலிருந்தும் 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஒலி உங்களை வந்து சேர வினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். மிருதங்கத்தில் முத்தாய்ப்பாக வாசிக்கும் கோர்வை வேகம் பிடிக்கும்போது ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளியே அவ்வளவுதான். கண் ஒரு அடியைப் பார்க்கும், காது அதற்கு முந்தின அடியைக் கேட்கும். இரண்டாவது பால்கனியில் தாளம் போடுகிறவர்கள் மேடையைப் பார்த்துப் போட்டால் தடுமாறுவது இதனால்தான். அங்கே உட்கார நேர்ந்தால் தனி ஆவர்த்தனத்தின்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்.

என் யோசனை: கீழ்த்தளத்தில் நடுப்பகுதி, மேடைக்கு நேர் எதிரே, பால்கனியின் கூரை தலைக்கு மேல் வராத வரிசை. பால்கனிக்கு அடியில் போய்விட்டால் ஒலி அமுங்கும். முன்வரிசையும் வேண்டாம், அங்கே கலைஞரின் முகம் நன்றாகத் தெரியும், ஆனால் ஒலி மேடையிலிருந்து ஒன்றும் பக்கத்து ஒலிபெருக்கியிலிருந்து ஒன்றுமாகப் பிரிந்து வரும். கீழே கிடைக்கவில்லையென்றால் முதல் பால்கனியின் முன்பகுதி. நாட்டியத்துக்கு அது கீழ்த்தளத்தைவிட மேல், காலடியும் மேடையில் போடும் கோலமும் முழுதாகத் தெரியும்.

வீணைக் கச்சேரி, வயதான வித்வான்களின் அடக்கமான பாட்டு, சின்னப் பிள்ளைகளின் அரங்கேற்றம் இவற்றைச் செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸிலோ மைசூர் அசோசியேஷனிலோ கேளுங்கள். நரிமன் பாயிண்டில் தேசிய நிகழ்த்துகலை மையமான என்.சி.பி.ஏ.வின் டாட்டா தியேட்டரும் இருக்கிறது. 1980-இல் திறந்தது, 1,010 இருக்கை. கட்டடத்தை பிலிப் ஜான்சனும் ஒலியமைப்பை சிரில் ஹாரிசும் வடிவமைத்தார்கள். மைக் இல்லாமலே காதில் விழ வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். ஒலி என்று பார்த்தால் மும்பையில் அதுதான் முதல். டாட்டா பணத்தில் கடலைத் தூர்த்த நிலத்தில் எழுந்தது அது. இது சம்பளக் கவரிலிருந்து எழுந்தது. இரண்டையும் ஒரே தராசில் நான் வைக்க மாட்டேன். கல்யாணியை நுட்பமாகக் கேட்க அங்கே போவேன், இரண்டாயிரம் பேரோடு சேர்ந்து கேட்க இங்கேதான் வருவேன்.

போய்வரும் வழி. பவாயிலிருந்து காஞ்சூர்மார்க் வந்து ஸ்லோ வண்டி பிடியுங்கள். விக்ரோலி, காட்கோபர், வித்யாவிஹார், குர்லா தாண்டினால் சயான். ஃபாஸ்ட் வண்டி சயானில் நிற்காது, அவசரத்தில் ஏறிவிட்டால் தாதர் போய்த் திரும்ப வேண்டியிருக்கும். சயானிலிருந்து டாக்ஸியிலோ பஸ்ஸிலோ சிறிது தூரம்தான். ஹாலுக்கு மிகப் பக்கத்து ஸ்டேஷன் ஹார்பர் லைனில் கிங்ஸ் சர்க்கிள், ஆனால் அது வடாலா ரோடிலிருந்து மாஹிம், அந்தேரிப் பக்கம் போகும் கிளை. உங்கள் வழிக்கு ஒத்துவராது. காரில் வருவதானால் சாயங்காலம் ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கச்சேரியின் தொடக்கத்தில் பாடும் வர்ணத்தைத் தவறவிட மனசில்லாதவர்கள் ரயிலில்தான் வருவார்கள்.

கச்சேரி முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகிறவர்கள் கேன்டீனுக்குப் போவார்கள். இங்கே எழுந்து போகிறவர் தொலைவுப் புறநகரான டோம்பிவிலிக்குப் போகும் வண்டியைப் பிடிக்கப் போகிறார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் மறுபடி அதே ஸ்டேஷனில் நிற்க வேண்டும். அவரைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்.

மழைக்காலத்தில் ஜாக்கிரதை. காந்தி மார்க்கெட்டும் கிங்ஸ் சர்க்கிளும் பள்ளமான பகுதி. நல்ல மழையோடு கடலில் ஏற்றமும் சேர்ந்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சேரிக்குக் கிளம்பும் முன் கடல் ஏற்ற நேரத்தைப் பத்திரிகையில் பார்த்துக்கொள்வது இந்தப் பக்கத்து ரசிகர்களின் பழக்கம். அந்த மாதங்களில் பட்டுப்புடவை வேண்டாம், செருப்பும் பழசாக இருக்கட்டும். உள்ளே ஏ.சி. குளிரும், நனைந்து போனால் ஒரு மணி நேரத்தில் நடுங்குவீர்கள். ஒரு சால்வை கையோடு இருக்கட்டும்.

சாப்பாட்டை கச்சேரிக்கு முன்பே முடித்துவிடுங்கள், அதையும் மாட்டுங்காவில். மத்தியானமே வந்தால் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் ராமநாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங், 1942-இலிருந்து இலைச் சாப்பாடு போடுகிறார்கள். மாலை டிபனுக்கு கிங்ஸ் சர்க்கிளில் கஃபே மெட்ராஸ், ஞாயிற்றுக்கிழமை என்றால் வரிசையில் நிற்க வேண்டும். பூ வேண்டுமென்றால் மாட்டுங்கா மார்க்கெட்டில் கட்டிய மல்லி கிடைக்கும், கதம்பமும் கிடைக்கும். பவாயில் அது கிடைக்காது என்பது என் வீட்டம்மாவின் தீர்ப்பு.

கடைசியாக, ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். வாடகைக்கு விடும் நிகழ்ச்சிகளுக்குத்தான் ஆன்லைனில் பெரிய விளம்பரம் வரும், அவற்றின் கட்டணமும் அதிகம். சபாவின் சொந்தக் கச்சேரிகள் அந்த இரைச்சலில் கண்ணில் படாமல் போய்விடும். சபா அலுவலகத்துக்கே நேரில் போய் உறுப்பினர் விவரத்தையும் அடுத்த மாத நிகழ்ச்சி நிரலையும் கேட்டு வாங்குங்கள். முதலில் ஒரு பெரிய பெயர், அப்புறம் நீங்கள் பெயரே கேள்விப்படாத ஒரு மும்பைப் பிள்ளையின் கச்சேரி என்று இரண்டுக்கும் போங்கள். இரண்டாவதற்குக் கீழ்த்தளமே பாதி காலியாக இருக்கும், நான் சொன்ன நடு வரிசை தாராளமாகக் கிடைக்கும்.